இறங்கும்போது தொடை செய்யும் வேலை

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் மலைச்சரிவு நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அந்தச் சரிவைத் தொற்றிக்கொண்டு ஐந்து ஊர்கள் நிற்கின்றன. சேர்த்து அவற்றைச் சிங்க்வே தேரே என்கிறார்கள். ஊருக்கு ஊர் போக முன்னோர் வெட்டிய ஒற்றையடித் தடம்தான் இன்றைய 'நீலப் பாதை'. மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர். அதில் மொந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சா வழியாகக் கொர்னீலியா வரை, ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பகுதியை ஒரு செப்டம்பர் காலையில் ஓடினேன்.

இந்தக் கரை தென்மேற்கு நோக்கியது. அதனால் காலையில் வெயில் மலைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. பாதை நிழலில் கிடக்க, கீழே கடல் மட்டும் வெளுத்துக்கொண்டு வரும். ஒரு பக்கம் சுண்ணாம்புக் கலவை இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய திராட்சைத் தோட்டச் சுவர்கள், மறுபக்கம் பள்ளம். படிகளில் ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். வெர்னாட்சாவைத் தாண்டியபின் தடம் சுமார் 200 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்டுக் கொர்னீலியாவை நோக்கிச் சரிகிறது. ஏறும்போது மூச்சு வாங்கியது. இறக்கத்தில் அப்படி எதுவும் இல்லை, கால்கள் தாமாகவே போயின. கொர்னீலியா ரயில் நிலையம் ஊருக்குக் கீழே கடலோரத்தில் இருக்கிறது. அங்கே போக லர்தரீனா என்ற செங்கல் படிக்கட்டு, ஏறத்தாழ 380 படிகள். அதையும் ஓட்டமாகவே இறங்கினேன்.

மறுநாள் மாலை தங்கியிருந்த வீட்டின் மாடிப்படியில் இறங்க முடியவில்லை. ஒவ்வொரு படியிலும் முன்தொடை நடுங்கியது. கைப்பிடியை இறுகப் பற்றி, பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்கினேன். ஏறுவதில் அத்தனை சிரமம் இல்லை. வலி எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை அந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

இப்படிப்பட்ட வலிக்கு, கடுமையாக உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலத்தைக் காரணம் சொல்வது இன்னும் ஓயவில்லை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது ரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். இரண்டாம் நாள் உச்சத்தைத் தொடும் வலியை அதன் தலையில் கட்டுவது தவறு. தசை இழைகளில் ஏற்படும் சிதைவே காரணமாக இருக்கலாம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-லேயே எழுதிவிட்டார்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி, முழங்காலை நீட்டி, உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது முழங்கால் உடல் எடையில் மடங்கப் பார்க்கிறது. அது ஒரேயடியாக மடிந்துவிடாதபடி தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதாவது தசை இறுகியிருக்கும்போதே நீட்டப்படுகிறது. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை விட்டுவிடாமல் பிடித்துப் பிடித்து விடுகிறோமே, அந்த வேலைதான் இது. தரையில் கால் மோதும் விசையும் இறக்கத்தில் கூடிவிடுகிறது. 9 பாகைச் சரிவில் ஓடியவர்களிடம் அளந்தபோது, மோதலின் உச்ச விசை சமதளத்தைவிட 54 சதவீதம் அதிகமாக இருந்தது.

இவ்வளவு விசையைத் தாங்கியும் ஏன் மூச்சு வாங்குவதில்லை? தசைக்குள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. வழக்கமாக ஒவ்வொரு பிடியையும் விடுவிக்க செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். தசை நீட்டப்படும்போது பல பிடிகளை வெளிவிசையே பிய்த்துவிடுவதால் எரிபொருள் மிச்சமாகிறது. இத்தாலிய உடலியலாளர் அல்பெர்ட்டோ மினெத்தியும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 20 சதவீத இறக்கத்தில் ஓட ஒரு மீட்டருக்கு ஆகும் ஆற்றல் சமதளத்தில் ஆவதில் பாதிதான். இதயமும் நுரையீரலும் சும்மா இருப்பதால் உடல் எச்சரிக்கை தருவதில்லை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். எனக்கு நேர்ந்ததும் அதுதான்.

பிய்க்கப்படுவது பிடிகள் மட்டும் என்றால் தொந்தரவில்லை. தசையின் மிகச் சிறிய அலகு சார்க்கோமியர். அதன் நீளம் இரண்டு மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். ஆயிரக்கணக்கானவை சங்கிலிபோல வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே பலத்தில் இருப்பதில்லை. நீட்டும் விசை வரும்போது வலுக்குறைந்தவை அளவுக்கு மீறி இழுபட்டு, சில உருக்குலைகின்றன. அவற்றைச் செப்பனிட நோயெதிர்ப்புச் செல்கள் வந்து சேர்கின்றன. நீர் கோத்து வீங்குகிறது. வலி உணரும் நரம்பு முனைகள் கூர்மையடைகின்றன. இதெல்லாம் நடக்க மணிக்கணக்கில் ஆகும் என்பதால்தான் வலி தாமதமாக வருகிறது.

வலியைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அந்த நாட்களில் தசையின் வலு குறைந்திருக்கும். முழங்கால் எந்த அளவுக்கு மடங்கியிருக்கிறது என்ற உணர்வும் பிசகும். பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய கற்படியில் ஒரு விரற்கடை பிசகினாலும் ஆபத்து. ஆகவே வலியோடு மறுநாளே அந்தப் பாதையில் ஓடக் கூடாது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். தசை பெருமளவில் சிதைந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம், அந்தச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்தமுறை அதே வேலைக்கு அந்த அளவு சிதைவதில்லை. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். அதற்கு முதல்முறை கடும் வலி வந்திருக்கவேண்டும் என்றும் இல்லை, மிதமான இறக்கத்தில் கொஞ்ச தூரம் ஓடினாலே போதும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு நான் அதைச் செய்திருக்க வேண்டும். அடியைச் சுருக்கி வேகவேகமாக எடுத்துவைப்பதும் ஒவ்வொரு மோதலையும் குறைக்கும்.

அறுவடைக் காலம் அது. பெட்டிகளை ஏற்றிச் செல்லச் சரிவில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடுகிறது. அது எட்டாத அடுக்குகளிலிருந்து ஒரு முதியவர் திராட்சைப் பெட்டியைத் தோளில் சுமந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால்களைச் சற்று மடித்தே வைத்திருந்தார். நான் ஒரே தாவலில் கடந்திருந்த உயரமான படியில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கல் ஒன்றில் கால் வைத்து, இரண்டு அடியாக இறங்கினார்.