குந்திரிக்க மரத்துக்கும் ஓய்வு வேண்டும்

தூபத்துக்கான பிசின்களைத் தரம் பார்த்துச் சொல்வது என் தொழில். சாம்பிராணி என்று கேட்டால் கடையில் எந்த மரத்துப் பிசினும் கிடைக்கலாம். சுமத்திரா மலைகளிலிருந்து வருவது ஒன்று. அரேபியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் வடகிழக்கிலிருந்தும் வரும் குந்திரிக்கம் வேறொன்று. பைன் மரப் பிசினை உடைத்துக் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். குந்திரிக்கத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அதைத் தரும் மரங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன என்பது, அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியவே இல்லை.

ஓமானின் தோஃபார் பகுதியில் வளர்வது பாஸ்வெல்லியா சாக்ரா என்ற குந்திரிக்க மரம். கல்லும் சுண்ணாம்புப் பாறையுமான நிலத்தில் குட்டையாகக் கிளைத்து நிற்கும். அதன் பட்டை காகிதம்போல உரியும். கோடை வெப்பம் ஏறத் தொடங்கும்போது, மன்காஃப் என்ற சிறு கருவியால் பட்டையில் ஓரிடத்தைச் சீவிவிடுவார்கள். பால் போலத் துளிர்த்து, காற்றுப்பட்டு இறுகும். முதல் சீவலில் வருவதை யாரும் மதிப்பதில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து அதே காயத்தை மறுபடி சீவுவார்கள். அதற்கும் அடுத்த சீவலில்தான் நல்ல பிசின் இறங்கும். மலைக்கு அப்பாலுள்ள வறண்ட பகுதியில் எடுக்கப்படும் ஹோஜரி வகைக்குத்தான் விலை அதிகம்.

பிசின் ஓடும் நாளங்கள் பட்டைக்குள்தான் இருக்கின்றன. ஆகவே, கட்டை தெரியாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவத் தெரிந்தவரே தேர்ந்த கையுள்ளவர். மூட்டையைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். துளித்துளியாக, முழுதாக, ஒளி ஊடுருவும்படி இருந்தால் மனம் நிறையும். தூளும் பட்டைச் சிராய்களுமாக வந்தால், அவசரமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்களோ என்ற கேள்வி எழும்.

உலகச் சந்தைக்கு வரும் குந்திரிக்கத்தில் பெரும்பகுதியைத் தருவது எத்தியோப்பியா, எரித்ரியா, சூடான் நாடுகளில் வளரும் பாஸ்வெல்லியா பாப்பிரிஃபெரா என்ற இன்னொரு வகை மரம். எத்தியோப்பியாவின் திக்ராய் மலைச்சரிவுகளிலும் மெட்டெமா காடுகளிலும் அக்டோபரிலிருந்து ஜூன் வரை சீவல் நடக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை காயத்தைப் புதுப்பிப்பார்கள். மரத்தின் பருமனைப் பார்த்து எத்தனை இடத்தில் சீவலாம் என்று முடிவுசெய்வது பழைய வழக்கம். தேவை பெருகியதும் காயங்களும் பெருகின. மெலிந்த மரங்களையும் விட்டுவைப்பதில்லை.

இதில் மரத்துக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள் உண்டு. சீவல் நடப்பது வறட்சிக் காலத்தில். அப்போது மரத்தில் இலை இல்லை, புதிதாக உணவு தயாரிக்க வழியும் இல்லை. சேமித்து வைத்ததைச் செலவழித்துத்தான் அது காயத்தை மூடுகிறது. நாம் வாசனை என்று கொண்டாடுவது, மரம் தன் காயத்துக்குப் போட்டுக்கொள்ளும் மருந்து. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் காயப்படுத்தினால் பூவுக்கும் காய்க்கும் ஒதுக்க அதனிடம் என்ன மிஞ்சும்? 2006-இல் வெளிவந்த எரித்ரிய ஆய்வு இதை எண்ணிக்கையாகவே காட்டியது. சீவாத மரங்களின் விதைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் முளைத்தன. சீவிய மரங்களின் விதைகளில் முளைத்தவை 16 விழுக்காட்டுக்கும் குறைவு. தளர்ந்த மரங்களை வண்டுகளும் துளைக்கின்றன.

தப்பி முளைக்கும் கன்றுகளைக் கால்நடைகள் மேய்ந்துவிடுகின்றன, மிச்சத்தைக் காட்டுத்தீ எரித்துவிடுகிறது. 2019-இல் வெளியான விரிவான ஆய்வில், ஆராயப்பட்ட காடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேலானவற்றில் இளமரங்களே இல்லை என்று தெரியவந்தது. பல பத்தாண்டுகளாகவே அங்கே புதிய தலைமுறை எழவில்லை. இப்படியே போனால் 20 ஆண்டுகளில் பிசின் உற்பத்தி பாதியாகக் குறையும் என்று அந்த ஆய்வாளர்கள் கணித்தார்கள். முதிர்ந்த மரங்கள் நிற்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு நலமாகவே தோன்றும். எனக்கு மிகுந்த அச்சம் தருவது இந்தத் தோற்றம்தான்.

தூபத்தைக் கைவிடச் சொல்ல நான் வரவில்லை. எத்தியோப்பியாவில் விருந்தினருக்குக் காப்பிக் கொட்டையை வறுக்கும்போதே பக்கத்தில் குந்திரிக்கம் புகையும். ஓமானிய வீடுகளில் தூபக்கால் கைமாறி வரும், விருந்தினர் உடையிலும் தாடியிலும் புகையை ஏற்றிக்கொள்வார்கள். நம் கத்தோலிக்க ஆலயங்களின் தூபக்கலசத்தில் எழுவதும் இதே மணம். நமக்கும் அந்தக் கரைக்கும் உறவு பழையது. தோஃபாரின் பழைய குந்திரிக்கத் துறைமுகமான சும்ஹுரமில் தமிழ் பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பு நம்மூர்க்காரர் ஒருவர் அங்கே வாணிபம் செய்திருக்க வேண்டும். இந்தத் துறைமுகமும் வாதி தவ்கா பள்ளத்தாக்கின் குந்திரிக்க மரங்களும் அடங்கிய நிலப்பகுதியை யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சீவிய மரத்துக்குச் சில ஆண்டுகள் ஓய்வு, மரத்துக்கேற்ற அளவில் காயம், கன்றுகளைச் சுற்றி வேலி: காட்டைக் காக்க இவை வேண்டும் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் ஓய்வு கொடுக்கும் கிராமத்துக்கு அந்த ஆண்டுகளின் வருமானத்தை யார் தருவது? மலிவாகவும் மொத்தமாகவும் கேட்கும் வாங்குபவரிடம்தான் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. தூபத்துக்கு வாங்குபவர்களைப் போலவே, நறுமண எண்ணெய் வடிக்க மூட்டை மூட்டையாக எடுத்துப்போகும் நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஒரு துளியை நீர் விட்டு அரைத்துப் பாருங்கள். குந்திரிக்கம் பால்போலக் கலங்கும், பைன் பிசின் அப்படிக் கலங்காது. கங்கில் இட்டால் பைன் பிசின் உடனே உருகி ஓடிக் கரும்புகை விடும். குந்திரிக்கம் மெல்ல இளகிப் பொங்கி வெண்புகை தரும். நல்ல சரக்கென்றால் ஓர் அறைக்குச் சுண்டைக்காய் அளவு போதும். கை நிறைய அள்ளிப் போடுவதால் புகைதான் கூடும். சன்னலைத் திறந்து வையுங்கள், பச்சைக் குழந்தை இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

ஆலயத்துக்கோ தர்காவுக்கோ ஊதுவத்தித் தொழிலுக்கோ மூட்டைக் கணக்கில் எடுப்பவர்கள் வணிகரிடம் எந்த நாட்டுச் சரக்கு, எந்தப் பருவத்தில் எடுத்தது, அந்த மரங்கள் கடைசியாக எந்த ஆண்டு ஓய்வில் இருந்தன என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் பதில் வரும். மூன்றாவதற்கு இன்று அநேகமாக வராது. நாலைந்து பெரிய வாங்குபவர்கள் விடாமல் கேட்டால், அடுத்த கொள்முதலுக்குள் வணிகர் அதை விசாரித்து வைத்திருப்பார்.