ரௌஹ்பியர் என்னும் புகைப்பியர்

ஜெர்மானிய மொழியில் 'ரௌஹ்' என்றால் புகை. 'பியர்' நமக்குத் தெரிந்த பியர்தான். Rauchbier என்ற எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'ராச்பியர்' என்று படிக்கிறவர்கள் உண்டு, அது பிழை. 'ஹ்' என்பது அடித்தொண்டையை உரசி வரும் ஒலி. 'புகை' என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் மெலிந்து வரும் ககரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த 'ரௌஹ்' சொல்லுக்கு ஓர் உறவுச்சொல் இருக்கிறது: முகர்தலையும் மணத்தலையும் குறிக்கும் 'ரீஹன்'. இரண்டுக்கும் வேர் ஒன்றே. அந்த வினைக்குப் பழங்காலத்தில் 'புகைதல்' என்பதே பொருள். மணத்தல் பிறகு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் கெட்ட வாடையைக் குறிக்கும் 'ரீக்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான்.

தமிழில் சொல்ல வேண்டுமென்றால் 'புகையூட்டிய பியர்' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பியருக்கு யாரும் புகை ஊட்டுவதில்லை. புகை ஏறுவது மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையில். தானியத்தை ஊறவைத்துப் பரப்பி முளைக்கவிட்டால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அதனுள் உருவாகும். முளை மேலும் வளராமல் நிறுத்த அதைச் சூட்டில் உலர்த்த வேண்டும். அந்த உலர்த்தும் சூளைக்கு 'டாரெ' என்று பெயர். துளையிட்ட தளத்தின்மேல் ஈர மால்ட்டைப் பரப்பி, அடியில் பீச் (beech; பழம் தரும் peach அல்ல) மரக்கட்டைகளை எரிக்கிறார்கள். வெப்பமும் புகையும் தானியத்தின் ஊடாகவே மேலேறுகின்றன. மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து பிறக்கும் குவையகால், சிரிங்கால் போன்ற பீனால்கள் ஈர உமியில் ஒட்டிக்கொள்கின்றன. பன்றித்தொடை இறைச்சியைப் புகையிடும்போது மணம் தருபவையும் இவையே. முதல்முறை குடிப்பவர் "இதில் பேக்கன் போட்டிருக்கிறார்களா?" என்று கேட்பது அதனால்தான். இறைச்சியும் இல்லை, எசன்ஸும் இல்லை. மால்ட், ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, நீர், ஈஸ்ட், அவ்வளவுதான்.

ஆகவே 'புகைப்பியர்' என்பதே சரி. நடுவிலுள்ள 'ப்' கட்டாயம் வேண்டும். அதை விட்டுப் 'புகைபியர்' என்று எழுதினால் வினைத்தொகையாகி, புகைந்துகொண்டிருக்கிற பியர் என்று பொருள்படும். பியர் என்ற சொல்லையும் தமிழாக்க விரும்புவோர் கள், சாராயம் பக்கம் போக வேண்டாம். கள் என்றதும் இன்று பனையும் தென்னையும் நினைவுக்கு வரும், சாராயம் வடித்தெடுப்பது. பெரும்பாணாற்றுப்படையில் 'தோப்பி' என்ற சொல் வருகிறது. நெல்லால் செய்த கள் என்று உரைகாரர் பொருள் சொல்கிறார். தானியத்தைப் புளிக்கவைத்து, வடிக்காமல் அருந்துவது என்பதால் பியருக்கு இதைவிட நெருக்கமான பழஞ்சொல் எனக்குத் தெரிந்து இல்லை. 'புகைத்தோப்பி' என்பது கட்டுரைக்கும் கலைச்சொல் பட்டியலுக்கும் நன்றாகப் பொருந்தும். பேச்சில் புகைப்பியரே போதும்.

ஒரு காலத்தில் இது தனிப்பெயர் வேண்டாத பொருளாக இருந்தது. விறகுத் தீயின்மேல் உலர்த்திய மால்ட் எல்லாவற்றிலும் புகைவாடை ஓரளவு ஏறியே தீரும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கற்கரியை எரித்துப் புகையின்றி உலர்த்தத் தொடங்கினார்கள். பிறகு சூடான காற்றை மட்டும் செலுத்தும் சூளைகள் பரவின. புகையில்லாத பியர் வழக்கமான பியர் ஆயிற்று. புகையுள்ளது அடைமொழி தேவைப்படும் பியர் ஆயிற்று. மடம் ஒன்று தீப்பிடித்து மால்ட் புகைந்துபோனதாகவும், வீணாக்க மனமில்லாமல் அதிலேயே பியர் காய்ச்சியதாகவும் ஒரு கதை சொல்வார்கள். அதை நம்ப வேண்டியதில்லை.

பழைய முறையைக் கைவிடாத ஊர் பாம்பெர்க். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் வடபகுதியில், ஃபிராங்கோனியா வட்டாரத்தில், ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு மதுவகங்கள் இன்றும் தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையிடுகின்றன. ஷ்லெங்கர்லாவின் வரலாறு 1405-இல் தொடங்குகிறது. ஷ்பெட்சியாலின் ஆண்டு 1536. கையை வீசி ஆடி நடப்பதற்கு ஜெர்மானியத்தில் 'ஷ்லெங்கெர்ன்' என்பார்கள். அப்படி நடந்த ஒரு மதுவக உரிமையாளருக்கு ஊரார் வைத்த செல்லப்பெயரே கடைப்பெயராக நிலைத்தது என்பார்கள். கடைசி 'லா' ஃபிராங்கோனிய வட்டார வழக்கின் செல்ல விகுதி. அரை லிட்டர் குவளையை அவர்கள் 'சைட்லா' என்பதிலும் அதே விகுதிதான்.

இனிச் சுவை. புதிதாகத் தொடங்குபவர் ஷ்பெட்சியாலிடம் முதலில் போகலாம். அங்கே புகை மென்மையாக இருக்கும். ஷ்லெங்கர்லாவின் 'மெர்ட்சன்' என்ற புகைப்பியர் கரும்பழுப்பு நிறம், 5.1 விழுக்காடு ஆல்கஹால். குவளையை மூக்கருகே கொண்டுவந்ததும் மாசிக்கருவாடு இடிக்கும்போது எழுவது போன்ற நெடி முகத்தில் அடிக்கும். பலர் இந்த இடத்திலேயே குவளையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும்போது மூக்கு அதற்குப் பழகி, அதன் கூர்மை தணிந்துவிடும். பாதிக் குவளை தாண்டியதும் புகை பின்னுக்குப் போய், மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் தெளிவாகத் தெரியவரும். மூன்றாவது குவளையில்தான் பிடிபடும் என்று ஊரில் சொல்வது வெறும் விற்பனைப் பேச்சு அல்ல. மூன்று குடிக்க வேண்டுமென்றும் இல்லை. ஒன்றையே மெதுவாகக் குடித்தால் போதும். உறையக் குளிர்விக்கவும் கூடாது. 8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். அதற்குக் கீழே போனால் இனிப்பு அடங்கி, புகையும் கசப்பும் மட்டுமே நாக்கில் நிற்கும்.

துணை உணவாக அந்த ஊர்க்காரர்கள் தின்பது பாம்பெர்க் வெங்காயம்: கொத்திய பன்றி இறைச்சியை உள்ளே அடைத்த பெரிய வெங்காயத்தின் மேல், புகைப்பியர் சேர்த்த குழம்பை ஊற்றித் தருவார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் ஷ்லெங்கர்லாவிடமிருந்து 'ஐஹெ' என்ற வலுவான வகை வரும். 'ஐஹெ' என்றால் ஓக் மரம். பீச்சுக்குப் பதில் ஓக் கட்டையில் புகையிட்டது. 8 விழுக்காடு ஆல்கஹால் இருந்தாலும் அதன் புகை மெர்ட்சனைவிட உருண்டையாக, கூர்முனை இல்லாமல் இருக்கும். இந்த வகைகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஷ்லெங்கர்லா 'ஹெல்லஸ்' என்றொரு வெளிர்நிற லாகர் வகைப் பியரும் காய்ச்சுகிறது. அதில் புகையிட்ட மால்ட் சேர்ப்பதில்லை. ஆனாலும் மற்றப் பியர்களின் கலன்களிலும் ஈஸ்ட்டிலும் தங்கியிருக்கும் மணம் அதில் மெல்ல ஏறிவிடுகிறது. புகை மால்ட்டில் இருந்தால்தான் புகைப்பியர் என்று மேலே சொன்ன வரையறைப்படி, புகை மணம் வீசினாலும் அது புகைப்பியர் அல்ல.