காப்பர்ஹெட் – செப்புத்தலையர்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால அரசியல் ஏச்சான இச்சொல்லைத் தமிழில் ‘போர் எதிர்ப்பாளர்’ என்று பெயர்த்துவிடத் தோன்றும். அப்படிப் பெயர்த்தால் இதிலுள்ள நஞ்சும் போய்விடும், நாணயமும் போய்விடும்.

காப்பர்ஹெட் என்பது வட அமெரிக்காவின் குழிவிரியன்களுள் ஒன்று. தலை செம்பு நிறம். வாலில் கிலுகிலுப்பை உள்ள பாம்பு ஒலியெழுப்பி எச்சரிக்கும். இதுவோ சருகோடு சருகாகக் கிடந்து சட்டென்று கொத்தும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) வட மாநிலங்களில் இருந்துகொண்டே, போரை நிறுத்தி, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு சமரசம் பேசச் சொன்ன ஜனநாயகக் கட்சியினரைக் குடியரசுக் கட்சியினர் இப்பெயரால் ஏசினார்கள். ஏச்சு வாங்கியவர்கள் அதையே சின்னமாக்கிக்கொண்டார்கள். பழைய செப்பு சென்ட் காசில் சுதந்திர தேவியின் தலை பொறித்திருக்கும். அந்தத் தலையை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

லிங்கனை ‘ராஜா லிங்கன்’ என்றார்கள். 1863-ஆம் ஆண்டின் கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டத்தில் 300 டாலர் கட்டியவருக்கு விலக்கு உண்டு; ‘போர் பணக்காரனுடையது, சாவு ஏழையுடையது’ என்ற பொருளில் எழுந்த முழக்கம் கூலிக்காரர்களிடம் பற்றிக்கொண்டது. அதில் நியாயம் இருந்தது. மேடையில் பேசியதற்காக இவர்களின் தலைவர்களுள் ஒருவரான ஒஹையோவின் கிளமென்ட் வலாண்டிகமை அதே ஆண்டு மே மாதம் ராணுவ விசாரணையில் நிறுத்தியதும், லிங்கன் அவரைத் தெற்கே நாடு கடத்தியதும் தவறு என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர்களுடைய தலையாய முழக்கத்தைப் பாருங்கள்: ‘அரசியல் சாசனம் உள்ளபடி, ஒன்றியம் இருந்தபடி.’ அந்த ‘இருந்தபடி’யில்தான் எல்லாம் இருக்கிறது. போருக்கு முன் இருந்த ஒன்றியத்தில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். ‘நீக்ரோக்கள் இருக்கும் இடத்திலேயே’ என்ற மூன்றாம் அடியையும் சேர்த்து முழங்கியவர்கள் உண்டு. அமைதி என்ற நல்ல சொல்லுக்குள் இத்தனை பெரிய கொடுமைக்கு இடம் கிடைத்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

ஆகவே ‘அமைதிவாதி’ பொருந்தாது. கொல்வதையே மறுப்பவருக்கு உரிய பெயர் அது. ‘துரோகி’ எதிர்த்தரப்பின் தீர்ப்பு. ‘செப்புத்தலையர்’ என்பதே என் பரிந்துரை. செம்பும் ஏடும் சேர்ந்து செப்பேடு ஆவதுபோல, செம்பும் தலையும் சேர்ந்தால் செப்புத்தலை. ‘செம்புத்தலையர்’ என்று எழுத வேண்டியதில்லை. பாம்பின் தலை, காசின் தலை இரண்டுக்கும் இது இடம் தருகிறது. பாம்பை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘செப்புத்தலை விரியன்’ என்று எழுதலாம்.