ஹேண்ட்லோடிங்: தோட்டா ஏத்துறதா, அடைக்கிறதா?

ஹேண்ட்லோடிங் எண்டா துவக்குக்குள்ள கையால தோட்டா போடுறது இல்ல. இதத்தான் முதல்ல சொல்லணும், ஏனெண்டா தமிழ்ல "கையால் ஏற்றுதல்" எண்டு எழுதிட்டா வாசிக்கிற ஆளுக்கு அப்பிடித்தான் விளங்கும். உண்மையில இது தோட்டாவையே செய்யிற வேலை. வெறும் கோது (பித்தளை ஓடு), பிரைமர் (ஊசி தட்டினா பொறி எழுப்புற சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), சன்னம் (பறந்து போற உலோக முனை) இந்த நாலையும் தனித்தனியா வாங்கி, அளந்து, அடைச்சு, அழுத்தி ஒரு முழுத் தோட்டாவா ஆக்குறது. ஒருக்கா சுட்ட கோதையே எடுத்து துடைச்சு திரும்ப அடைச்சா அதுக்கு ரீலோடிங் எண்டு பேர். அமெரிக்காவில வேட்டைக்குப் போறவங்களும் இலக்குச் சூட்டுப் போட்டிக்காரரும் வீட்டு கராஜில மேசை போட்டுச் செய்யிற பொழுதுபோக்கு இது. இங்க இலங்கையில அப்பிடி இல்ல, லைசென்ஸ் இல்லாம வெடிபொருள் செய்யிறது 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி குற்றம். ஆனா சொல் நமக்கும் வேணும், கொழும்பு புதுக்கடை கோர்ட்டில சாட்சியம் மொழிபெயர்க்கிறவருக்கு வேணும், பத்திரிகையில குற்றச் செய்தி எழுதுற பிள்ளைக்கு வேணும்.

தோட்டா எண்ட சொல் இந்துஸ்தானியில இருந்து வந்தது. கார்ட்ரிட்ஜ் எண்ட இங்கிலீஷ் சொல் பிரெஞ்சு கார்ட்டூஷ், அதுக்கு முந்தி இத்தாலியன் கார்ட்டோச்சோ, அதுக்கும் அடியில கடதாசி எண்டு பொருள்படுற கார்ட்டா. அந்தக் காலத்துத் தோட்டா உண்மையிலயே கடதாசிச் சுருள்தான், உள்ள மருந்தும் குண்டும் வச்சு முறுக்கியிருப்பாங்க, சிப்பாய் வாயால கடிச்சுக் கிழிச்சு மருந்தக் குழலுக்குள்ள கொட்டணும். 1857ல இந்தியாவில சிப்பாய்கள் கிளம்பினதுக்கு ஒரு காரணம், என்பீல்ட் துவக்கின்ட கடதாசித் தோட்டாவில மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருக்கு எண்டு பரவின கதை. துப்பாக்கி எண்டதும் வெளியூர்ச் சொல்தான், துருக்கியில துஃபெக். நாங்க துவக்கு எண்டு சொல்றம், சிங்களத்தில துவக்குவ.

கார்ட்ரிட்ஜ், புல்லட் ரெண்டையும் தோட்டா, குண்டு, ரவை எண்டு மாத்தி மாத்தி எழுதுறதுதான் பெரிய குழப்பம். நம்மட பக்கத்தில இதுக்குத் தெளிவான சொல்லெல்லாம் ஏற்கனவே இருக்கு. ரவை எண்டாலும் தோட்டா எண்டாலும் முழுசு. சன்னம் எண்டா பறந்து போய்த் துளைக்கிற உலோக முனை மட்டும், அதுதான் புல்லட். கோது எண்டா சுட்ட பிறகு கீழ விழுற பித்தளை ஓடு, முட்டைக்கோது எண்டு சொல்றமே அதே கோது. "உடம்பிலிருந்து தோட்டா அகற்றப்பட்டது" எண்டு செய்தியில வந்தா அது பிழை, உடம்புக்குள்ள போறது சன்னம். பிரைமருக்கு மட்டும் எல்லாருக்கும் பழகின தமிழ்ச் சொல் இல்ல, பிரைமர் எண்டே எழுதலாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

இப்ப லோடிங்குக்கு வருவம். இங்கிலீஷ்ல துவக்குக்குத் தோட்டா போடுறதும் லோட், கோதுக்குள்ள மருந்து போடுறதும் லோட். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வினை தேவையில்ல. துவக்குக்கு ஏத்துறம், கோதுக்கு அடைக்கிறம். அதால ஹேண்ட்லோடிங்குக்கு "கையடைப்பு", ரீலோடிங்குக்கு "மீளடைப்பு" எண்டு எழுதினா ஒரு குழப்பமும் வராது. பழைய இடியன் துவக்குக்கு மருந்து இடிக்கிறது எண்டு சொல்லுவாங்க, அதுக்குப் பேர் வந்ததே அந்த இடியால, ஆனா அது குழலின்ட வாய் வழியா துவக்குக்குள்ளயே மருந்தப் போட்டு இடிக்கிறது, கோது எண்ட ஒண்டே அதில இல்ல, அந்தச் சொல்ல இங்க எடுக்க ஏலாது.

செமி ஓட்டோமெட்டிக், அதாவது அரைத் தானியங்கி ரைபிளுக்குக் கையடைப்பு எண்டா ஏன் தனியாப் பேசுறாங்க எண்டது சொல்லோட சேர்த்து விளங்க வேண்டிய விஷயம். ஒரு தரம் விசை அழுத்தினா ஒரு வெடி, பிறகு வெடிச்ச வாயுவின்ட இல்லாட்டி பின்னுதைப்பின்ட வேகத்தில துவக்கே பழைய கோதை வெளிய தள்ளி அடுத்த ரவைய உள்ள இழுத்து ஏத்திக்கொள்ளும். கையால போல்ட் (ரவைக்குப் பின்னால குழல மூடுற உலோகத் துண்டு) தள்ளுற ரைபிள்ல ரவை இறுகினா கைக்குத் தெரியும், இதில தெரியாது, ஸ்பிரிங் அடிச்சு மூடிடும். எம்1 கேரண்ட், எஸ்கேஎஸ், ஏஆர்-15 மாதிரி ரைபிள்களில அடிஊசி ஸ்பிரிங் பிடிப்பில்லாம சும்மா மிதக்கும், போல்ட் வேகமா மூடேக்க ஊசி முன்னுக்குப் போய் பிரைமர மெதுவாத் தட்டும். பிரைமர் மெல்லிசா இருந்தா, இல்லாட்டி கோதின்ட அடிமட்டத்துக்கு மேல துருத்திக்கொண்டிருந்தா, விசையத் தொடாமலே வெடிக்கலாம், போல்ட் முழுசாப் பூட்ட முந்தியே வெடிச்சா ஆளின்ட முகத்துக்கு நேரதான். இதத்தான் ஸ்லாம்ஃபயர் எண்டு சொல்றாங்க, தமிழ்ல "மூடுவெடி" எண்டு வைக்கலாம். அதாலதான் இராணுவ வகைத் தடிச்ச பிரைமர், கோத முழு நீளத்துக்கும் திரும்ப அளவுக்குக் கொண்டுவாறது, அச்சான கையேட்டில போட்ட மருந்து அளவ ஒரு சொட்டும் தாண்டாம, உச்ச அளவில இருந்து குறைச்சுத் தொடங்குறது எண்டெல்லாம் அவங்க கண்டிப்பா இருக்கிறாங்க. மருந்து சரியான வேகத்தில எரியாட்டியும் ஆபத்துத்தான், மெதுவா எரியிற மருந்து போட்டா கேரண்ட் ரைபிளின்ட இயக்குதண்டு வளைஞ்சே போகும்.

இங்க செய்தியில அடிக்கடி வாற ரி-56 துவக்கையும் சொல்லணும். அது சீனாக்காரர் ஏகே-47ஐப் பாத்துச் செய்தது. ஆனா எஸ்கேஎஸ்ஸப் பாத்துச் செய்த அரைத் தானியங்கிக்கும் அதே 56 எண்ட பேர்தான், ரெண்டும் 7.62×39 மில்லிமீற்றர் ரவையத்தான் சுடும். பேர மட்டும் பாத்து வகை எழுதுறது சரிவராது.

மருந்தையும் சன்னத்தையும் நிறுக்கிற அளவுக்கு கிறெயின் எண்டு பேர். 7000 கிறெயின் ஒரு இறாத்தல், ஒரு கிறெயின் கிட்டத்தட்ட 64.8 மில்லிகிராம். தானியமணியின்ட நிறையில இருந்து வந்த அளவு, நம்மட தட்டார் குண்டுமணி வச்சுப் பொன் நிறுத்த மாதிரி. ஆனா 55 கிறெயின் சன்னத்த "55 தானியம்" எண்டு எழுதக் கூடாது, அளவின்ட பேர அப்பிடியே விடணும். கிறெயினக் கிராம் எண்டு தவறுதலா எழுதினா பதினஞ்சு மடங்கு வித்தியாசம், மருந்து விஷயத்தில அது உயிர் போற பிழை.

துவக்கில ரவைகள அடுக்கி வைக்கிற கூட்டுக்கு இங்கிலீஷ்ல மகசின், அதுக்கு ரவைக்கூடு எண்ட அருமையான சொல் இருக்கு. மகசின் எண்டது அரபில களஞ்சியம், பொரளைப் பக்கம் இருக்கிற மகசின் சிறைச்சாலையின்ட பேரிலயும் அதே சொல்தான். துவக்குச் செய்தியில "சஞ்சிகை" எண்டு வந்தா மெஷின் மொழிபெயர்ப்பு எண்டு விளங்கிடும்.

கடைசியா ஸ்குவிப். மருந்து போட மறந்த இல்லாட்டி குறைஞ்ச ரவை சத்தம் குறைஞ்சு வெடிச்சு, சன்னம் குழலுக்குள்ளயே நிண்டுடும். அது தெரியாம அடுத்தத சுட்டா குழல் வெடிச்சுச் சிதறலாம். இத "ஊமைவெடி" எண்டு எழுதினா வெடிக்காமலே போன ரவை எண்டு ஆக்கள் நினைப்பாங்க, அது டட், வேற விஷயம். அதால ஒரு சொல்லுக்குள்ள அடக்கப் பாக்காம "சன்னம் சிக்கின வெடி" எண்டு நீட்டி எழுதுறதுதான் நல்லம்.