கடலில் தாழ்கிறவர் ஏன் கத்துவதில்லை?

கடலில் ஒருவர் தாழ்ந்தால் கையை உயர்த்தி ஆட்டுவார், "காப்பாத்துங்கோ" என்று கத்துவார் என்றுதான் கரையில் நிற்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அப்படிக் கத்துகிறவருக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருக்கிறது. உண்மையில் தாழத் தொடங்கியவரிடமிருந்து சத்தமே வராது. வெளிமூச்சு இருந்தால்தான் குரல் எழும். அவருடைய வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்தக் கணத்தில் உடம்பு பழைய காற்றை விட்டுப் புதிய காற்றை இழுக்கப் பார்க்கும். கத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. கைகளும் அவர் சொல் கேட்காது. பக்கவாட்டில் விரிந்து, நீரைக் கீழே அழுத்தியபடியே இருக்கும். அமெரிக்க உயிர்காப்பாளரான பிராங் பியா 1970களில் விவரித்த நிலை இது. நீர்மட்டத்தில் இந்தப் போராட்டம் 20 முதல் 60 செக்கன்கள்தான் நீடிக்கும். சிறுபிள்ளைகளுக்கு அதிலும் குறைவு.

ஆகவே கண்ணால்தான் பிடிக்கவேண்டும். உடம்பு நேராக நிற்கும், கால் உதையாது, தலை பின்னால் சரிந்து வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்து அமிழ்ந்து எழும். கண்ணை மூடிக் கிடக்கும் முடியைக்கூட ஒதுக்கமாட்டார். ஏணிப்படி ஏறுகிறவர்போல ஓர் அசைவு தெரியும், ஆனால் ஆள் ஓர் அடியும் நகர்ந்திருக்கமாட்டார். சந்தேகம் என்றால் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். "தம்பி, பிரச்சினை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டும் பதில் இல்லையென்றால் இனி யோசிக்க நேரமில்லை.

கையை உயர்த்துவது ஏன் ஆபத்து என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மூச்சு நிறைந்த உடம்பு கடல்நீரில் மிதக்கும், ஆனால் மயிரிழையில்தான். வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 4 - 5 கிலோ. தலை முழுவதும் நீருக்கு வெளியே நிற்க அந்தளவு தூக்குவிசை வேறெங்கிருந்தாவது வரவேண்டும். இரண்டு கைகளையும் வெளியே தூக்கினால் இன்னும் சில கிலோ சேர்ந்துவிடும், ஆள் கீழே போவார். மல்லாந்து, காதுவரை நீருக்குள் விட்டு, முகத்தை மட்டும் மேலே வைத்தால் சுமை வெகுவாகக் குறையும். மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்று ஏறத்தாழ 5 கிலோவைத் தாங்கும். ஒரு தலைக்கு அது போதும். கடலுக்குப் போகிற ஒவ்வொரு வாகனத்திலும் அப்படி ஒரு கானும் 15 மீற்றர் கயிறும் கிடக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

யாழ்ப்பாணத்துக் கடல் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. காரைநகர் கசூரினாவில் வெகுதூரம் ஆழமில்லை, அலையும் சிறிது. அங்கே ஆபத்து பெரியவர்களின் கவனக்குறைவில் இருக்கிறது. பெரியவரின் இடுப்பளவு நீர் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முகம்வரை வரும். மணற்காடு, வல்லிபுரம் பக்கம் வங்காள விரிகுடாவை நேரே பார்க்கும் கரை. அலை கரைக்குத் தள்ளிக் குவிக்கும் நீர் எங்காவது ஒரு பள்ளத்தால் திரும்பிப் போயாகவேண்டும். அதைத்தான் "கடல் இழுக்குது" என்கிறோம். வாடைக்காற்றுக் காலத்தில் இது இன்னும் மோசம். வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத் திருவிழாவுக்கு நீந்தத் தெரியாத பெருங்கூட்டம் சேலையோடும் வேட்டியோடும் இறங்குவது இந்தக் கரையில்தான். நனைந்த துணி காலைச் சுற்றினால் உதைத்து எழும்ப முடியாது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கரையோரமாக முருகைக்கல் கிடக்கிறது. கல்லைத் தாண்டி உள்ளே விழும் நீர், வள்ளம் போய்வரும் இடைவெளியால் வெளியேறும். மற்ற இடமெல்லாம் அலை உடைய, அங்கே மட்டும் உடையாமல் நீர் கறுத்துத் தெரியும். பார்வைக்கு அமைதியான அந்த இடத்தைத் தேடித்தான் புதியவர்கள் இறங்குகிறார்கள்.

அப்படி ஓடும் நீர் செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேலும் போகக்கூடும். சாதாரணமாக நீந்துகிறவர் 1 மீற்றர்கூடப் போகமாட்டார். எதிர்த்து நீந்துவதால் களைப்புத்தான் மிச்சம். அந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சரிப்படுத்தி, மணற்கரையானால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலகலாம். கல் உள்ள கரையில் பக்கவாட்டில் போனால் அலை கல்லில் அடிக்கும். வெளியே போகும்வரை மிதந்து, வள்ளத்துக்குக் கை காட்டுவது நல்லது.

கரையில் நிற்பவர் உடனே பாயக்கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணனும் தம்பியுமாக இருவர் போகும் சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன. ஒருவர் தாழ்கிறவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் விரலால் சுட்டிக்கொண்டே நிற்கவேண்டும். தலை மறைந்தபின் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்கவேண்டும். எட்டும் தூரமானால் படுத்துக்கொண்டு தடியையோ சாரத்தையோ நீட்டலாம். எட்டாவிட்டால் கான். வெறும் கானைக் காற்று திருப்பிவிடும், அதனால் உள்ளே ஒரு கோப்பை நீர் விட்டு, கயிறு கட்டி, அவர் தோளுக்கு அப்பால் விழும்படி எறிந்து இழுக்கவேண்டும். ஆனால் ஏணி ஏறும் நிலைக்குப் போனவர் எறிந்ததை எட்டிப் பிடிக்கமாட்டார். நீந்தத் தெரிந்த ஒருவர் ரயர் ரியூப்போடு போய், கைக்கெட்டாத தூரத்தில் நின்று, அதை அவர் நெஞ்சில் முட்டத் தள்ளவேண்டும். அவர் கட்டிப்பிடித்துவிட்டால் காப்பாற்றப் போனவர் நீருக்குள் அமிழவேண்டும்; அவருக்கு வேண்டியது மேலே உள்ள காற்று, கை தானாக விடும்.

நீருக்குள் போனவர் முதலில் மூச்சை அடக்குவார். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏற ஏற அடக்க முடியாமல் இழுத்துவிடுவார். உடல் எடையில் கிலோவுக்கு 1 - 3 மில்லிலீற்றர் கடல்நீர் போதும், 60 கிலோ ஆளுக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்குள்தான். நுரையீரலின் சிற்றறைகளை ஒட்டாமல் விரித்து வைத்திருக்கும் மெல்லிய படலத்தை அந்த நீர் கெடுத்துவிட, அறைகள் சுருங்கும். இரத்தத்தைவிடக் கடல்நீரில் உப்பு மூன்று மடங்குக்கு மேல் என்பதால் இரத்தத்திலிருந்தும் நீர் உள்ளே கசியும். ஒட்சிசன் தீர, நினைவு தப்பி, மூச்சு நின்று, அதன் பிறகே இதயம் நிற்கும்.

முதலுதவி இந்த வரிசையைத்தான் பின்பற்றவேண்டும். தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கி "தண்ணி எடுப்பது" எல்லாவற்றையும் விடவேண்டும். வெளியே வருவது பெரும்பாலும் வயிற்று நீர், அதுவும் வாந்தியாகி மறுபடி நுரையீரலுக்குள் போகும். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைக்கலாம். இல்லையென்றால் மல்லாத்தி, நெற்றியைப் பின்னால் சரித்து நாடியை (மோவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு செக்கன், நெஞ்சு எழும்புவது தெரியவேண்டும். எழும்பாவிட்டால் தலையை இன்னும் சரிக்கவேண்டும். நுரை வந்தால் துடைத்துக்கொண்டு நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவே 5 - 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 - 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், பிறகு 2 ஊதல், திரும்ப 30. பிள்ளைக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. மாரடைப்பில் விழுந்தவரின் இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கும், வெறும் அழுத்தமே சிறிது நேரம் உதவும். தாழ்ந்தவரின் இரத்தத்தில் அது தீர்ந்துவிட்டது. ஊதாமல் அழுத்துவது வெறும் இரத்தத்தைச் சுற்றவிடுவதுதான்.

எழுந்து இருந்து பேசினாலும், இருமலோ நுரையோ மூச்சு இளைப்போ இருந்தால், அல்லது கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகக்கூடாது. கெட்டுப்போன சிற்றறைகள் சில மணிநேரத்துக்குள் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் குறைந்தது 4 - 8 மணிநேரம் ஒட்சிசன் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கூடப் போகிறவர் இரண்டு விவரங்களைச் சொல்லவேண்டும்: ஏறத்தாழ எத்தனை நிமிடம் நீருக்குள் இருந்தார், கரைக்கு வந்தபோது மூச்சு இருந்ததா.