ஒரு பக்கம் சாய்ந்த பட்டர் ஃப்ரூட் மரத்துக்குக் கவாத்தும் முட்டும்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் நிற்கும் பழைய பட்டர் ஃப்ரூட் மரங்கள் பல, பாரத்தை ஒரு பக்கமே சுமக்கின்றன. மேட்டுப்பக்கம் மற்ற மரங்களின் நிழல். வெளிச்சம் கிடைக்கும் பள்ளத்துப் பக்கம் கொப்புகள் நீண்டுவிடுகின்றன. சாய்ந்திருப்பதாலேயே ஆபத்து என்று இல்லை. இழுபடும் பக்கத்தில் மரம் கூடுதலாக மரக்கட்டை வளர்த்துக்கொள்ளும். மேட்டுப்பக்க வேர்கள் கயிறுபோல் இழுத்துப் பிடிக்கும். பாதை வெட்டும்போது அந்த வேர்களை அறுத்துவிட்டால் பிடி போச்சு. மேட்டுப்பக்க மண்ணில் புதிதாகப் பிளவு தெரிந்தால் கவாத்தை நம்பி இருக்க வேண்டாம்.

கொப்பு முறிவது நெம்புகோல் கணக்கு. கொப்பு பிரியும் கவையிலிருந்து 6 மீட்டர் தள்ளி 40 கிலோ காய் தொங்கினால் முறிக்கும் விசை 40 × 6 = 240 பங்கு; அதே காய் 4 மீட்டரில் தொங்கினால் 160தான். அதனால் குறைக்க வேண்டியது நுனியை. உள்பக்கச் சிறுகிளைகளை வழித்தெடுப்பது பெரிய தவறு: தழை நுனியில் குவிந்து, கொப்பு காற்றில் சாட்டையாய் ஆடும், நிழல் போன பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். பட்டை வெளியே தெரிந்துவிட்டால் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

நுனியை வெட்டும்போது, வெட்டும் தண்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை வரை வந்து வெட்டுங்கள். நடுவில் மொட்டையாக விட்டால் போத்துகள் (புதுக் குச்சிகள்) கொத்தாகக் கிளம்பும். மேலாக ஒட்டியிருக்கும் அவை பருத்ததும் பிய்ந்து விழும். முதிர்ந்த மரத்தில் ஒரு வருடத்துக்குத் தழையில் 10 முதல் 15 சதவீதம் போதும். மீதியை அடுத்த வருடம் பார்க்கலாம்.

கனத்த கொப்புக்கு மூன்று வெட்டு. மரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்கு 5 செ.மீ. வெளியே மேலிருந்து அறுத்தால், பட்டையை உரிக்காமல் கொப்பு விழும். கடைசியாக மிஞ்சிய கட்டை. கொப்பு மரத்தோடு சேரும் இடத்தில் சுருக்கம் விழுந்த வளையம் தடித்திருக்கும். தடவினாலே கைக்குத் தெரியும். ரம்பம் அதற்கு வெளியே ஓட வேண்டும். காயத்தை மூடும் திசு அந்த வளையத்திலிருந்துதான் வளர்கிறது. தார் பூசினால் ஈரம் உள்ளே தங்கி அழுகல் வரும்.

கஜா புயல் இந்த மலையைக் கடந்தது 2018 நவம்பர் 16. நனைந்த மண் வேரைச் சரியாகப் பிடிக்காத மாதம் அது. காய் பறித்த கையோடு, மழை இறங்குமுன் கவாத்தை முடித்துவிடுங்கள்.

வெட்ட மனமில்லாத கொப்புக்கு, பாதிக்கும் வெளியே கவைக்கம்பு கொடுங்கள். கவையில் பழைய டயர்த்துண்டு, அடியில் தட்டைக்கல். கல் இல்லாவிட்டால் மழையில் கம்பு புதைந்துவிடும். கம்பியைச் சுற்றிக் கட்டாதீர்கள். கொப்பு பருக்கப் பருக்கப் பட்டையை அறுத்து, இலையிலிருந்து இறங்கும் சாறை நிறுத்திவிடும். அகலமான நாடாவால் கட்டி, வருடா வருடம் தளர்த்திவிடுங்கள்.