துட்டி வீடு காலியான பிறகு

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் பதினாறாம் நாள் வரை ஆள் நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது. துட்டி, அதாவது துக்கம், கேட்க வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் குடும்ப மருத்துவர் தேவைப்படுகிறார். ஆனால் மருத்துவர்கள் பலரும் "போய் என்னத்தச் சொல்ல?" என்று தயங்கிவிடுகிறார்கள்.

பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரித்தாலே போதும். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மா தலைவலி மாத்திரைக்கு வந்தார். மகன் பெயரைச் சொல்லி, "அவன் நெனப்புல தூக்கம் வரலியாம்மா?" என்றேன். "அவன் பேர வீட்டுல யாரும் எடுக்கவே மாட்டேங்காவ டாக்டர்" என்றார். மடியில் பீடித் தட்டு இல்லை. விரல்கள் மட்டும் இலை சுருட்டுவதுபோல அசைந்துகொண்டே இருந்தன. அப்புறம் அவர்தான் பேசினார், நான் கேட்டேன். "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

கைக்குழந்தை இறந்தாலும் தாய்க்குப் பால் சுரக்கும், மார்பு கட்டிக்கொள்ளும். இதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது நம் கடமை. குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். வலி தாங்காவிட்டால் கொஞ்சம் மட்டும் பீய்ச்சி விடலாம். காய்ச்சலோ சிவப்போ கண்டால் உடனே வரச் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிவேட்டையும் திருத்திவிடுங்கள். தடுப்பூசிக்கு அழைத்து அந்த வீட்டுக்குப் போன் போகக் கூடாது.

அப்பாக்கள் பிரஷர் மாத்திரை வாங்க வந்து பேசாமல் நிற்பார்கள். குடியும் கூடியிருக்கலாம். "நீங்க எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்று தனியாகக் கேளுங்கள். கூடப்பிறந்த சின்னப் பிள்ளையிடம் "தம்பி தூங்குறான்" என்று சொல்ல வேண்டாம் என்றும் எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தூங்கவே பயம் வந்துவிடும்.

தூக்க மாத்திரை எழுதித் தருவது சுலபம். நாள்பட்டால் அதுவே பழக்கமாகிவிடும். அழுகை நோயல்ல. 6 மாதம் தாண்டியும் சமையல், வேலை, பேச்சு எல்லாம் முடங்கிக் கிடந்தால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். நடுராத்திரியிலும் பேச 14416 என்ற டெலிமானஸ் இலவச எண் இருக்கிறது, அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

பிள்ளை பிறந்த நாளையும் இறந்த நாளையும் நோட்டில் குறித்துவையுங்கள். அந்த வாரம் நீங்களாகவே ஒரு போன் போடுங்கள்.